தலைகீழாக நடந்த அம்மா

வெள்ளாற்றுப் பாலத்தில் என்னை நிறுத்திவிட்டு, படமெடுக்க மகள் செல்போனை உயர்த்தினாள்.

எனக்கு ஆறு வயதிருக்கும்போது, இதே பாலத்தின் வளைவுகளைப் படம் பிடிக்க ஒருவர் பெரிய கேமராப் பெட்டியோடு வந்திருந்தார். என் நச்சரிப்புத் தாங்காமல் அதன் கறுப்புத் துணிக்குள் பார்க்கவிட்டார். கண்ணாடியில் பாலம் தலைகீழாகத் தொங்கியது. ஆறு மேலே, வானம் கீழே. தண்ணீர் ஏன் கொட்டவில்லை என்று யோசிப்பதற்குள், புல்லுக்கட்டோடு அம்மாவும் தலைகீழாக நடந்து வந்தாள்.

“ஆத்தா, சேலையப் புடிச்சுக்க! நீ தலைகீழா வாரே!” என்று கத்தினேன்.

அம்மா கட்டைப் போட்டுவிட்டுச் சேலையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள்.

“படத்துல நேராத்தான் தெரிவீங்க, வெலகுங்க. படம் புடிக்க ஒரே பிளேட்டுத்தான் இருக்கு” என்று படக்காரர் கெஞ்சினார். படமெடுத்து முடியும்வரை அவள் அசையவில்லை.

“கைய எடுங்கம்மா” என்றாள் மகள், செல்போனைப் பார்த்தபடி.

குனிந்து பார்த்தேன். என் இரண்டு கையும் சேலையை இறுக்கிப் பிடித்திருந்தன.