வெளித்தண்ணீர் நிலவரம்

ஐப்பசி பிறந்ததிலிருந்து தினமும் காலையில் மகனுக்குப் போன் செய்துகொண்டிருந்தேன். அவன் ஒரு துறைமுகத்தில் லாஞ்சு ஓட்டுகிறான். ஆட்களையும், கயிறு, டீசல், தண்ணீர்க் கேன் போன்ற சாமான்களையும் ஏற்றி இறக்கும் சின்ன இயந்திரப் படகு அது. கடலுக்குள் நீட்டிக் கட்டிய இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே உள்ள தண்ணீர், அதில் வந்து சேரும் ஆற்றில் பாலம் வரைக்கும் உள்ள தண்ணீர், இவ்வளவுதான் அவன் வேலை பார்க்கும் இடம். சுவரைத் தாண்டி அவன் போக வேண்டியதே இல்லை.

"காத்து எப்படிலே? அலை எத்தனை அடி? புயல் கூண்டு ஏத்திருக்கானா?" என்று கேட்பேன். அவன் சொல்லச் சொல்ல மனதுக்குள் கூட்டிக் கழித்து வைத்துக்கொள்வேன். பஞ்சாலையில் எடைக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. பஸ்ஸில் ஏறினால்கூடத் தலைகளை எண்ணிவிட்டுத்தான் உட்காருவேன்.

பாளையம்பட்டி வீட்டில் நானும் மருமகளும்தான். அவள் ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடுகிறாள். நான் போனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே டிபன் டப்பாவை மூடுவாள். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. "எங்க மாமா மாதிரி யாரு இருக்கா? அவுக தண்ணியில நிக்காகளேன்னு விடிஞ்சதும் இவுகளுக்கு அதே நெனப்பு. காத்தக் கேட்டுட்டுத்தான் காப்பியே குடிப்பாக."

நான் அவனுக்காகக் கேட்கவில்லை. மழைக்காகக் கேட்டேன்.

திருச்சுழி ரோட்டில் எனக்கு மூன்று ஏக்கர் கரிசல் காடு இருக்கிறது. கிணறு கிடையாது, வானம் பார்த்த பூமி. மழை பெய்த பிறகு விதைக்கலாம் என்றிருந்தால் கரிசல் சேறாகி டிராக்டர் இறங்காது. ஆகவே மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டு மூடிவிடுவோம். புழுதி விதைப்பு என்று பெயர். நல்ல மழை வந்தால் எல்லாம் ஒன்றாக முளைக்கும். லேசாகத் தூறி நின்றுவிட்டால் விதை கண் விழித்து, அடியில் ஈரம் இல்லாமல் கருகிப்போகும். மழையே இல்லையென்றால் விதையை எறும்பும் மயிலும் தின்று தீர்க்கும்.

மக்காச்சோளத்தைப் புழுதியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கம் உருப்படியான மழை என்றால் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உண்டாக வேண்டும். கடல் கெட்டால்தான் என் காடு முளைக்கும். அந்தக் கடலின் ஓரத்தில்தான் மகன் நிற்கிறான் என்பது தெரியாமல் இல்லை. தெரிந்தே தொலைக்காட்சியில் வானிலைப் படத்தைப் போட்டு, சுழி எங்கே நகர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்த அடுத்த காட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

"அண்ணாச்சி, அந்தச் சுளிய நீங்க பாக்குற பார்வை இருக்கே! பொண்ணு பாக்கப் போனவன் கெட்டான்."

"ஒமக்கு மட்டும் வேண்டாமாக்கும்?"

"எனக்கும் வேணும். ஆனா எம்மகன் குமாரலிங்கபுரத்துல லோடு வண்டி ஓட்டுதான். கடல்ல நிக்கலயே."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அவர் போனதும் மறுபடி போட்டேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. துறைமுகத்துக்குள் நின்றுகொண்டு கடலை அறிய முடியாது. "உள்ள ஒண்ணுமில்லப்பா, எண்ணெய் ஊத்துன மாதிரி கெடக்கு" என்பதையே அவன் தினமும் சொன்னான். அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையையும் படித்துக் காட்டுவான். மணிக்கு நாற்பது முதல் ஐம்பது கிலோமீட்டர், மீனவர்கள் செல்ல வேண்டாம் என்று இருக்கும். அது நீளமான கரை முழுவதற்கும் பொதுவாகச் சொல்வது. எனக்கு வேண்டியது வேறு. கிழக்கே மேகம் எப்படி நிற்கிறது, கொண்டல் பிடித்துவிட்டதா என்பது. கிழக்கிலிருந்து வரும் அந்த ஈரக்காற்று விடாமல் வீசினால்தான் எங்கள் பக்கம் மழை ஏறும்.

"உள்ள கெடக்கட்டும்லே. வெளிய எப்படி?"

"சுவருக்குள்ள நின்னா காத்தே படாதுப்பா. வாசல் வரைக்கும் போனாத்தான் தெரியும்."

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டுத்தான் சொல்லேன்."

வாசல் என்று அவன் சொன்னது இரண்டு கல்சுவர்களும் முடிகிற இடைவெளியை. கடல் உள்ளே நுழைகிற இடம் அது. பாதுகாப்பான தண்ணீர் அங்கே முடிகிறது. எனக்கு அது ஏதோ வீட்டு வாசல் மாதிரிப் பட்டது. கண்மாயைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காதவன் அப்படித்தான் நினைப்பான். மறுநாளிலிருந்து அவன் தகவல் மாறியது. "பெரிய அலையாத் தூக்குதுப்பா, நுரையில்ல. கெழக்க கறுத்துக் கெடக்கு. காத்து இன்னும் வாடைதான், கொண்டல் பிடிக்கல." துல்லியமாக இருந்தது. எனக்குச் சந்தோஷம். அவன் எங்கே நின்று அதைப் பார்த்தான் என்று கேட்கவில்லை.

கூண்டு மூன்றாம் எண்ணுக்கு ஏறிய அன்று அவனே கூப்பிட்டான்.

"எல்லாத்தையும் ஆத்துக்குள்ள பாலத்துக்கு அங்கிட்டுக் கொண்டுபோய்க் கட்டச் சொல்லிட்டாகப்பா. லாஞ்சக் கட்டிட்டா வேல முடிஞ்சுது. மத்தியான பஸ்ஸப் பிடிச்சு வாரேன்."

"சரிய்யா, வா" என்று சொல்லி நான் வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

"கொண்டல் பிடிச்சிருச்சாலே?" என்றேன்.

"இருங்க. கட்டுறதுக்கு முன்னால ஒரு தடவ பாத்துட்டுச் சொல்றேன்" என்றான்.

நான் காட்டுக்குப் போய்விட்டேன். மதியத்துக்கு மேல் முதல் துளி விழுந்தது. அடுத்த காட்டில் பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சிரித்தபடி ஓடினார்கள். பிறகு எதிர் வரப்பு தெரியாமல் பெய்தது. புழுதி கறுத்து, பாத்தியில் தண்ணீர் நின்றது. இதற்குத்தானே ஆசைப்பட்டேன். வேப்பமரத்தடியில் போனைப் பாலிதீன் பையில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றேன். மணி அடிக்கவில்லை. நான் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று வந்தது. மழை வலுத்துக்கொண்டே போனது. நின்றுவிடு என்று சொல்ல நினைத்தேன். சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மருமகள் வாசலில் நின்றாள். "அவுக பேசுனாகளா மாமா? பஸ்ஸு ஏறிட்டாகளா?"

"டவர் இல்லம்மா. மழையில்லையா" என்றேன்.

அந்திக்கு வேறொரு நம்பரிலிருந்து பேசினான். கயிறு பிடிக்கும் ஆள் கரையில் இருந்ததால், லாஞ்சைத் தனியாகவே வாசல் வரை கொண்டுபோயிருக்கிறான். திருப்பும்போது வெளியிலிருந்து வந்த பெரிய அலை படகைத் தூக்கிக் கல்சுவரில் சாத்தியிருக்கிறது. மோதாமல் தள்ளிவிடக் கை நீட்டியிருக்கிறான். படகுக்கும் கல்லுக்கும் நடுவே இடது கை சிக்கி மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. போன் தண்ணீரில் போய்விட்டது. இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு, "கொண்டல்தாம்ப்பா. நல்லாப் பிடிச்சிருக்கு" என்றான்.

மாவுக்கட்டோடு வீடு வந்த வாரத்தில் பயிர் முளைத்திருந்தது. அவனைக் காட்டுக்குக் கூட்டிப்போனேன். ஒரு உழவுச்சால் எடுத்து எண்ணினேன், முளைக்காத பொக்கு என்று பத்துக்கு ஒன்றுகூட இல்லை. அவன் வரப்பில் உட்கார்ந்து பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"நீங்க எதுக்குக் கேட்டீகன்னு எனக்குத் தெரியும்ப்பா. ஒருநாளாச்சும் சாப்டியான்னு கேட்டீகளா? காத்து, அலை, கூண்டு. இதுக்கு மேலயா தெரியணும்?"

"தெரிஞ்சுமா போய்ப் பாத்த? ஏன்லே?"

அவன் என்னைக் கேலியாகப் பார்த்தான். "வெதச்சுட்டீகளே."

அவனுக்குத் தெரியாது என்று நினைத்திருந்த வரையில் என் குற்றம் என்னோடு இருந்தது. இப்போது அவனும் அதைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், ஒற்றைக் கையில். மருமகளிடம் அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் இன்னும் பக்கத்து வீட்டில் என்னைப் புகழ்ந்துகொண்டிருக்கிறாள்.

கட்டுப் பிரித்து அவன் வேலைக்குப் போய்விட்டான். பயிர் இடுப்புக்கு மேலே வந்து பூ எடுக்கிறது. கதிர் பிடிக்க இன்னொரு மழை வேண்டும். நான் இப்போது போன் செய்வதில்லை. அவனே செய்கிறான். "வாசப் பக்கம் போகாதலே" என்கிறேன். "போகலப்பா" என்கிறான். பிறகு அலை எத்தனை அடி, நுரை இருக்கிறதா, காற்று எந்தப் பக்கம் என்று வரிசையாகச் சொல்கிறான். அதெல்லாம் சுவருக்குள் நின்றால் தெரியாது. எங்கே போய்ப் பார்த்தான் என்பது எனக்குத் தெரிகிறது. வைத்துவிடு என்று சொல்ல வேண்டும். சொல்லாமல், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கடைசி வரை கேட்கிறேன்.