பெண் இன்ஸ்பெக்டர் பேசும்போது மட்டும்

ஹெப்பாளில் எங்கள் வரிசை வீடுகளுக்கு நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் நான் இங்கிருந்தே நூறாயுசு சொல்வேன்.

தினமும் ஒரு போலீஸ் சீரியல் பார்ப்போம். அதில் துப்புத் துலக்குவது ஒரு பெண் இன்ஸ்பெக்டர். மாலை வாங்குவது அவளுடைய மேலதிகாரி. அவன் சந்தேகப்பட்டால் மூளை, அவள் சந்தேகப்பட்டால் கோளாறு. என் வீட்டுக்காரரும் அந்தக் கட்சிதான்.

"இவளுக்கு எதுக்குத் துப்பாக்கி? கரண்டியக் குடு."

"கரண்டியில வாங்கிப் பாத்தாத்தான் உங்களுக்குத் தெரியும்" என்பேன்.

பக்கத்து வீட்டில் ஹனூரிலிருந்து வந்த புதுப்பெண். ஆடி பிறந்ததும் அவளைக் காணோம். அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றான் புருஷன். ஆடியில் புதுப்பெண் எங்கே என்று யார் கேட்பார்கள்?

ஒரு மத்தியானம், அவன் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டான். வாசலில் பூட்டு தொங்கியது. ஆனால் சுவருக்கு அப்பால் டிவி ஓடியது. அதே சீரியல், மறு ஒளிபரப்பு. ஆண்கள் பேசியபோது வெறும் முனகல். பெண் இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்ததும் சத்தம் ஏறிச் சுவர் அதிர்ந்தது. அவள் முடித்ததும் அடங்கியது. மறுநாளும் அப்படியே.

"அணைக்க மறந்திருப்பான். சீரியல் பாத்துப் பாத்து உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்றார் இவர்.

"மறந்த டிவி சத்தத்தத் தானா ஏத்தி எறக்குமாங்க? ஆடிக்கு அழைக்கப் பொறந்த வீட்டுக்காரங்க தட்டோட வரோணுமே, யாரு வந்தா?"

"அதையெல்லாம் ஆம்பளைங்க பாப்பாங்களா?"

"அதனாலதான் நான் பாத்தேன்."

அடுத்த மத்தியானம், டிவி ஓடும்போது சுவரை மெல்லத் தட்டினேன். டிவி நின்றது. பிறகு, தரையை ஒட்டி, நகத்தால் சுரண்டும் சத்தம்.

மாடியில் இருந்த வீட்டுச் சொந்தக்காரியிடம் மாற்றுச் சாவி இருந்தது. வாங்கி வந்து திறந்தேன். இருட்டில், ரிமோட்டை நெஞ்சோடு அணைத்து, சுவரோரம் குந்தியிருந்தாள் அந்தப் பெண். கதவு திறந்தும் எழவில்லை.

"ஆத்தா, அவர் வர்றதுக்குள்ள பூட்டிப்போடுங்க. தெறந்தது தெரிஞ்சா அவ்வளவுதான்."

"பூட்டிக்கலாம் கண்ணு. மொதல்ல நீ வெளிய வா."

அவள் எழுந்து வர வெகுநேரம் ஆயிற்று. வந்ததும், கொடுத்த வாக்கை மீறாமல், காலி வீட்டைப் பூட்டினேன்.