மகிழ்ச்சியுடன் தெரிவித்துக் கொள்கிறோம்

அன்று என் செல்பேசியில் பதினொரு தவறிய அழைப்புகள் இருந்தன. பதினொன்றும் அம்மா. தேவிகாபுரம் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் நான் நூலகர். உள்ளே நுழையும்போதே செல்பேசியின் வாயை அடைத்துவிட வேண்டும் என்பது நானே எழுதி ஒட்டிய விதி, ஒருநாளும் மீறியதில்லை. மதிய உணவுக்காகக் கதவைச் சாத்திவிட்டு எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. காலையில் பலகாரம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுத் தலை சாய்த்த நைனா எழுந்திருக்கவில்லை. ஊரில் யார் இறந்தாலும் அரைமணி நேரத்தில் எல்லோர் காதிலும் போட்டுவிடுகிற மனிதர். அவர் போன செய்தி அவர் பெற்ற மகளுக்கு இரண்டு மணி நேரம் கழித்துதான் கிடைத்தது. அந்த விதியை எழுதிய என் கையை நானே திட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆரணிக்காரர்களுக்கு மைக்செட் மாணிக்கத்தை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டோவின் தலையில் இரண்டு கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, பட்டுக்கடைத் தள்ளுபடி, ஆடி மாதக் கூழ் ஊற்றுதல், காணாமல்போன பை, சாவு என்று எல்லாவற்றையும் தெருத்தெருவாகச் சொல்வது என் அப்பாவின் தொழில். நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். தறிச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டை, வீட்டிலும் இறங்காது. அவர் சாப்பிடும்போது உப்பு கேட்டால் அடுத்த தெருவில் எடுத்து வைப்பார்கள். இப்படிப்பட்டவர் வீட்டில் பிறந்த நான் நூலகர் ஆனதில் என்ன ஆச்சரியம்?

அவருடைய சாவு அறிவிப்பை எழுதிக் கொடுத்தது நான்தான். அதை மைக்கில் படித்தவர், அவரோடு போட்டி போட்டுத் தொழில் செய்த இன்னொரு மைக்செட்காரர். பெயர், வயது, ஊர்வலம் புறப்படும் நேரம், 'ஆழ்ந்த வருத்தத்துடன்'. மூன்றே வரி, ஒரு சந்திப்பிழை இல்லை. அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு சொல்கூட மாற்றாமல் படித்தார். எல்லாம் முடிந்து வந்த பிறகு எதிர்வீட்டுக்காரர் என்னிடம், "இன்னாம்மா, மாணிக்கம் அண்ணனுக்குப் போயி இப்படி சப்புன்னு சொல்லிட்டீங்க" என்றார். சுருக்கென்றது. அவர் சொன்னது நியாயம்தான். அந்த மூன்று வரியில் விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

ஏழுமலைகளுக்குப் பஞ்சமில்லாத ஊர் எங்களுடையது. ஒருமுறை தறிக்கார ஏழுமலை இறந்துபோக, நைனா அவசரத்தில் பால்கார ஏழுமலை காலமானதாக அறிவித்துவிட்டார். மாலையோடு வந்த சொந்தக்காரர்கள், எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஏழுமலையைப் பார்த்து அலறிவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் இரண்டு நாள் தலைமறைவாகியிருப்பார்கள். நைனா நேராகப் பால்காரர் வீட்டுக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, அவரையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். "சற்று முன் இறந்ததாகச் சொல்லப்பட்ட ஏழுமலை இதோ என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். சந்தேகம் இருப்பவர்கள் வந்து தொட்டுப் பார்க்கலாம்." மைக்கை அவர் வாயருகே நீட்ட, பால்காரர் கூச்சத்தோடு, "நாளைக்கி பாலு உண்டுங்க" என்றார். அதன் பிறகு தறிக்கார ஏழுமலையின் வீட்டுக்குப் போய் அவர்களிடமும் மன்னிப்புக் கேட்டார். தெருவே சிரித்தது. நான் மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. "சாவ மட்டும் மைக்ல சொல்லிகினு கீறோமே, உசுரோட நல்லா இருக்கறத யாரு சொல்றது?" என்பார். தள்ளுபடி விளம்பரத்துக்கு நடுவே, இன்னார் ஆஸ்பத்திரியிலிருந்து நலமாகத் திரும்பிவிட்டார், இன்னார் மகள் கணக்கில் பாஸ் என்று காசு வாங்காமல் செருகிவிடுவார். ஒவ்வொன்றும், "மகிழ்ச்சியுடன் தெரிவித்துக் கொள்கிறோம்" என்று முடியும். கணக்கில் பாஸான பெண்ணின் மதிப்பெண்ணையும் சேர்த்துச் சொல்லி அவளை அழ வைத்ததும் உண்டு.

இப்போது என் கதைக்கு வர வேண்டும். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷத்தில், இந்தப் பக்கமாக மாற்றல் வாங்கிக்கொண்டு பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கே என்ன நடந்தது என்பது இந்த அஞ்சலிக்குத் தேவையில்லை. தெருவில் கேட்டவர்களிடம் என் கணவர் வெளிநாடு போயிருக்கிறார் என்று சொன்னேன். தாமதக் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூட விட்டுக்கொடுக்காத நான், வாய் கூசாமல் பொய் சொன்னேன். அம்மா தன் பங்குக்கு, "அங்க ஒரே வெயிலாம்" என்று சேர்த்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பெரிய தெரு வழியாகப் போகாமல், சாக்கடை ஓடுகிற பின்சந்து வழியாகச் சுற்றிப் போவேன். இரண்டு மாதம் அப்படியே ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தெருக்கோடியிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"பெரியோர்களே, தாய்மார்களே! மைக்செட் மாணிக்கத்தின் மகள் கலைவாணி, புருஷன் வீடு ஒத்துவராத காரணத்தால் தாய்வீட்டுக்கே வந்துவிட்டார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக் கொள்கிறோம். மாப்பிள்ளை வெளிநாடு எங்கும் போகவில்லை. மேற்கொண்டு விவரம் வேண்டுவோர் என்னைக் கேட்கவும். பொண்ணைக் கேட்டு பேஜார் பண்ண வேண்டாம்!"

ஒரு தெரு விடவில்லை. எல்லாத் தெருவிலும் மூன்று முறை.

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் வந்து ஆட்டோவை நிறுத்தியதும் வாசலிலேயே கத்தினேன். என் வாழ்நாளில் நான் கத்தியது அன்றுதான். "யாரக் கேட்டு சொன்னீங்க நைனா? இது என்ன தள்ளுபடி விளம்பரமா?"

அவர் இறங்காமல் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். "உன்னக் கேட்டுட்டு சொல்லியிருக்கணும், தப்புதான். ஆனா நீ தெனம் அந்த சந்துல மூக்கப் பொத்திகினு போறத என்னால பார்க்க முடியலம்மா. பொய்ய தெனமும் சொல்லணும். நெசத்த ஒருவாட்டி சொன்னா போதும்."

மூன்று வாரம் அவரோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் காலை, ஒளிவதற்கு இனி எதுவும் இல்லை என்ற ஆத்திரத்தில் பெரிய தெரு வழியாகவே நடந்தேன். பூக்காரம்மா கூப்பிட்டாள். "இன்னா கலை, வந்துட்டியாமே. ஒரு மொழம் எடுத்துக்கோ, கனகாம்பரம் நல்லா இருக்குது." அவ்வளவுதான் கேட்டாள். யாரும் என்னைப் பார்த்துக் குசுகுசுக்கவில்லை. குசுகுசுக்க அவர் என்ன மிச்சம் வைத்திருந்தார்? நான் பூ வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த மனிதர் மீது கோபமும் பெருமையும் ஒன்றாக வந்தது எனக்கு அன்றுதான்.

அவருக்கும் என்னைப் பற்றிப் பெருமைதான். ஒருமுறை என் நூலகத்துக்கு வந்தார். ஒரு மணி நேரம் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார், வேர்த்துக் கொட்டியது. வெளியே வந்ததும் பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்களிடம், "எம்பொண்ணு ஒரு பார்வ பார்த்தா ஈ பறக்காது தெரியுமா? என்னையே ஒரு மணி நேரம் ஒக்கார வெச்சிட்டா!" என்று சொன்னது உள்ளே வாசகர்கள் எல்லோருக்கும் கேட்டது. நான் குனிந்துகொண்டு சிரித்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தெள்ளாரிலிருந்து பெரியம்மா வந்திருந்தாள். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். என்னைச் சமையற்கட்டுப் பக்கம் இழுத்து, காதோரமாக, "யார்னா கேட்டா மாப்பிள்ளைக்கு ஒடம்பு சரியில்ல, அதான் வரலன்னு சொல்லிடலாம்டி. இன்னிக்கி எதுக்கு அந்தப் பேச்சு?" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

நைனாவின் ஆட்டோவையும் மைக்கையும் அவருடைய போட்டிக்காரரிடமே கொடுத்துவிட்டோம். தொண்டை மட்டும் என்னிடம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

"பெரிம்மா, அவரும் நானும் சட்டப்படி பிரிஞ்சி ஆறு வருஷம் ஆச்சு. நான் நல்லா இருக்கேன். யாரு கேட்டாலும் இதையே சொல்லுங்க."

கூடத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பதினாறு நாளாக மூலையில் சுருண்டு கிடந்த அம்மா தலை நிமிர்த்தினாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லும்மா" என்றாள். "வாசல்ல கீறவங்களுக்குக் கேக்கல."

சொன்னேன்.