வளையம் திறந்துகொண்டது

தொண்ணூறுகளில், கோயமுத்தூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து எனக்கு ஐந்தாம் வருடம். இரண்டு கார்பனும் ஒரு நைட்ரஜனும் விறைத்துக்கொண்டு நிற்கும் அசிரிடின் என்ற மூலக்கூறு வளையத்தை, மற்ற கலப்பிலிருந்து உடையாமல் சுத்தமாகப் பிரித்தெடுத்துக் காட்டினால்தான் பேராசிரியர் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவார். பிரிக்கும் குழாயில் சிலிக்காத் தூளை நிரப்பினேன். சிலிக்காவின் அமிலம் வளையத்தை உடைத்துவிடும். அதை அடக்க முதலில் அமீன் என்ற காரத்தைக் கொஞ்சம் விட வேண்டும். அந்நேரம் பார்த்து ஆபீஸ் போனில் காங்கேயத்திலிருந்து அப்பா.

"படிப்பு எப்ப கண்ணு முடியும்? மாப்பிள்ளை ஊட்டுல கேக்கறாங்க."

"சீக்கிரமுங்கப்பா" என்று போனை வைத்துவிட்டு வந்த எரிச்சலில் அமீனை மறந்து, சேர்மத்தை அப்படியே ஊற்றித் தொலைத்தேன். சாயங்காலம் கீழே இறங்கியதில் ஒரு வளையம்கூட மிச்சமில்லை. எல்லாம் திறந்துகொண்டு வேறு பொருளாகியிருந்தது.

வளையம் திறந்துகொள்ள அந்தக் கொஞ்சம் அமிலமே போதுமாயிருந்தது. எனக்குத்தான் இந்தப் பக்கம் பேராசிரியர், அந்தப் பக்கம் மாப்பிள்ளை; நடுவில் நான் இன்னும் விறைத்துக்கொண்டு நின்றேன்.