குழாய் போகும் ஊர்

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்ட ஹஃபீலா, புத்தளம் மாவட்டத்துக் கரைத்தீவில் குடியேறி இருபது வருடம் தாண்டியும் வாக்காளர் பதிவை மட்டும் மன்னாரிலேயே வைத்திருந்தாள். மாற்றினால் அங்கே வாப்பா விட்டுவந்த காணியும் கைநழுவிவிடுமோ என்ற பயம். யுத்தம் முடிந்ததிலிருந்து தேர்தலுக்குத் தேர்தல் பஸ் ஏறிப் போய் வாக்களித்துவிட்டு வருவாள்.

கரைத்தீவில் கிணறெல்லாம் உவர். குடிதண்ணீர்க் குழாயோ சந்தியோடு நின்றுவிட்டது. புத்தளத்து எம்.பி.யின் ஆள் லாபிரிடம் போய்க் கேட்டாள்.

"எம்.பி. சேர் அரசாங்கப் பக்கம் தாவினதே இந்த பைப் காசுக்குத்தான், ராத்தா. ஆனா உங்கட ஆக்கள்ட வோட் எல்லாம் மன்னார்லதானே? வோட் இல்லாத இடத்துக்கு யாரு பைப் போடுவாங்க?"

அந்தக் கேள்வி அவளை அரித்தது. காணியா, தண்ணீரா? ஒரு வாரம் தவித்துவிட்டு, கிராம சேவகரிடம் போய்ப் பதிவைப் புத்தளத்துக்கு மாற்றினாள். அக்கம்பக்கத்துப் பெண்களையும் இழுத்துப் போய் மாற்ற வைத்தாள்.

தேர்தல் நெருங்கியது. குழாய் சந்தியிலேயே கிடந்தது. லாபிர் நோட்டீஸ் கட்டோடு வந்து நின்றான், முகமெல்லாம் பல்லாக.

"ராத்தா, பெரிய கட்சியோட பேசி முடிச்சாச்சு. இந்த முறை சேர் மன்னார்ப் பக்கம் எலக்‌ஷன் கேக்கிறாரு. பைப் காசும் அங்கதான் போகுது. பஸ் நாங்க தாறம். உங்கட ஆக்கள்ட வோட் எல்லாம் அங்கதானே?"