விரல் கனத்து வளையம்

செவ்வாய்ப்பேட்டைக்கு முதல் ஜூம் லென்ஸ் என் கடைக்குத்தான் வந்தது. மறுப்பவர் இருந்தால் நேரில் வரச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன், நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். லாரியில் கிளீனராக ஏறி, ஸ்பேனர் பிடித்த கையாலேயே கேமராவும் பிடித்து, அறுபதுகளின் நடுவில் சொந்த ஸ்டுடியோ போட்டவன் நான்.

அப்போது எங்களுக்குக் கல்யாணம்தான் சோறு. அதில் தாலி கட்டும் படம்தான் உயிர். அதற்காக மணவறைமேலேயே ஏறி நிற்போம். ஜேடர்பாளையத்து லாரி முதலாளி ஒருவர், தன் மூத்த மகள் கல்யாணத்தில் யாரோ ஒரு போட்டோக்காரரின் முதுகைத் தவிர வேறொன்றையும் பார்க்காதவர். இரண்டாவது மகளுக்கு நிச்சயம் ஆனதும் என் கடைக்கு வந்தார்.

“ஏனுங்க, மணவறைப் பக்கம் ஒரு போட்டோக்காரரும் வரப்படாது. பந்தல் வாசல்ல நின்னே எம் புள்ள மூஞ்சி தெளிவா எடுப்பீங்களா? இல்லீன்னா எதுத்த கடைக்குப் போறனுங்க.”

எதிர்க்கடைக்காரர் ஜப்பான் கேமரா வைத்திருந்தவர். அவருக்கு ஒரு கல்யாணத்தையும் விட்டுக்கொடுப்பதாக இல்லை நான்.

“வாசல் எதுக்குங்க, காவேரிக்கு அந்தக் கரையில நின்னே எடுப்பேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாளே மதராசுக்கு ரயிலேறினேன்.

மதராஸ் கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் அந்த லென்ஸை வைத்தார். நின்ற இடத்தில் நின்றபடியே ஆளைக் கிட்டே இழுக்கலாம், தூரத் தள்ளலாம். மூன்று லென்ஸ் வேலையை ஒன்றே செய்யும். ஆனால் லென்ஸ் மாட்டுகிற கழுத்து கேமராவுக்குக் கேமரா வேறு. என்னுடைய ஜெர்மன் கேமராவில் லென்ஸைத் திருகி ஏற்ற வேண்டும், போல்ட்டில் நட்டு ஏறுகிற மாதிரி. இதுவோ ஜப்பான் லென்ஸ். பின்புறம் மூன்று பல். வைத்துச் சற்றே திருப்பினால் பூட்டிக்கொள்ளும்.

“உங்க கேமராவுக்கு ஏத்த ஜூம் வர நாளாகும் சார். அவசரம்னா கேமராவை மாத்துங்க. லென்ஸைப் பாத்து மயங்காதீங்க, கழுத்தைப் பாத்து வாங்குங்க” என்றார்.

எதிர்க்கடைக்காரர் வைத்திருக்கும் கேமராவையே நானும் வாங்கினால் செவ்வாய்ப்பேட்டை சிரிக்காதா? “நடுவுல ஒரு புஷ் வளையம் கொடுத்தா ஓடாத லாரியே கிடையாதுங்க” என்று சொல்லி, லென்ஸை மட்டும் வாங்கி வந்தேன்.

திருச்செங்கோட்டில் எனக்குப் பழக்கமான லேத் பட்டறைக்காரர் பித்தளையில் ஒரு வளையம் கடைந்தார். ஒரு பக்கம் திருகு, மறு பக்கம் மூன்று பல்லுக்கும் பள்ளம்.

“மெலிசாப் போதுமுங்களா?”

“லாரிச் சாமானாட்டக் கெட்டியா இருக்கோணுமுங்க” என்றேன். விரல் கனத்துக்குக் கொடுத்தார். மாட்டி, எதிரே நின்ற அவர் முகத்தையே பார்த்தேன். மீசையில் ஒட்டிய இரும்புத்தூள்கூடத் தெரிந்தது. ஜெயித்துவிட்டேன்!

முகூர்த்தத்தன்று பந்தல் வாசலில் முக்காலி போட்டு ஏறி நின்றேன். மணவறையைக் குறி பார்த்தால், மணப்பெண்ணைக் காணோம். கஞ்சி வடித்த மாதிரி ஒரு வெள்ளை. இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். கஞ்சிதான். வளையத்தின் கனத்துக்கு லென்ஸ் முன்னால் தள்ளிப் போனதில், அதற்கு எட்டப் பார்வை போய்விட்டது. ஏழெட்டு அடிக்குள்தான் கண் தெரியும். தூரத்தைக் கிட்டே இழுக்க வாங்கிய லென்ஸ் என்னைக் கிட்டே இழுத்தது.

அங்கே, கல்யாணத்தை நடத்திவைக்கும் அருமைக்காரர் தாலியைக் கையில் எடுத்துவிட்டார். மணவறை ஓரம் லாரி முதலாளி காவல். வேறொருவனாக இருந்தால் அழுதிருப்பான். நான் சட்டையைக் கழற்றினேன். துண்டைத் தலையில் உருமாலாகக் கட்டினேன். பந்தலோரம் இருந்த சீர்த்தட்டு ஒன்றில் தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் நடுவே கேமராவை வைத்து, முகத்தை மறைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

“வாங்க மச்சான், வெரசா வாங்க” என்று லாரி முதலாளியே வழிவிட்டார்.

கூட்டத்தில் ஒரு பெரியம்மா மடக்கினார். “ஏஞ் சாமி, நீ ஆரு ஊட்டுப் பக்கம்?”

“பொண்ணுக்கு மாமன் முறைங்க.”

“மாமன் பின்னால நிக்கறதா? முன்னால போ சாமி!” என்று முதுகில் கைவைத்து ஒரு தள்ளு. மணப்பெண் எதிரில் போய் நின்றேன். கெட்டிமேளம் முழங்கியது. தேங்காய்களுக்கு நடுவிலிருந்து எடுத்தேன்.

லாரி முதலாளி படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “வாசல்ல நின்னா இத்தனை தெளிவுங்க? மூக்குத்திக் கல்லு மின்னுதே!”

“அதுதானுங்க ஜூம்” என்றேன்.

சேதி பரவியது. எதிர்க்கடைக்காரர் பதறிப்போய்த் தன் கேமராவுக்குச் சரியாகப் பொருந்துகிற ஜூமே வாங்கினார். அடுத்த கல்யாணத்தில் வாசலில் நின்றே எடுத்தார். மணவறையைச் சுற்றி நின்ற அத்தனை சொந்தக்காரர் முதுகும் அதில் தெளிவு.

கடைசி மகள் கல்யாணத்துக்குத் துணியெடுக்க லாரி முதலாளி அந்தப் பெரியம்மாவோடு செவ்வாய்ப்பேட்டைக்கு வந்தவர், முன்பணம் கொடுக்க என் கடையில் நுழைந்தார். பெரியம்மா என்னைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்தார்.

“அட, நம்ம மாமன்! சீரு வெச்சதோட போயிட்ட, பந்தியில காணமே சாமி!”

லாரி முதலாளி என்னைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த தாலிப் படத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். நான் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் சிரித்த சிரிப்பில் தோள்துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

“கடைசிப் புள்ள கண்ணாலத்துக்கும் நீங்களே வந்துருங்க மச்சான். தட்டு மட்டும் இந்தத் தடவை உங்க ஊட்டுல இருந்து கொண்டாந்துருங்க.”

கொண்டு போனேன். பாத்திரக் கடையில் கேமரா, லென்ஸ், வளையம் மூன்றையும் வைத்து அளவு பார்த்தே அந்தத் தட்டை வாங்கினேன். அது மட்டும் கச்சிதமாகப் பொருந்தியது.