ஆதிநாராயணனுக்குப் போடாத பொன்னாடை

பவுனுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துவிடும். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் கொட்டகையில் அவளோடு வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும். அவள் வாய்க்குள் பேச ஆரம்பித்தாலே பக்கத்தில் இருப்பவர்கள் முறத்தைக் கீழே வைத்துவிடுவார்கள். அந்த வாரம் அவள் குரல் யாருக்கும் கேட்கவே இல்லை. கூட வேலை செய்யும் பல்கீஸை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார் முதலாளி.

பவுனு பிறந்தது விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம். கல்யாணமாகித் திண்டிவனம் வந்தாள். கணவன் மாரியப்பன் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்பான். அவள் ஆதிநாராயணன் கொட்டகையில் சேர்ந்தாள். அங்கே மெஷின் தோலை உடைத்துத் தள்ளும். சொத்தையும் கல்லும் பொறுக்கி, பருப்பைக் கோணியில் பிடிப்பது பெண்கள் வேலை. அதற்கு மூன்று பேர் வேண்டும். இருவர் கோணி வாயை விரித்துப் பிடிக்க, மூன்றாமவள் கூடையால் கொட்டுவாள். பிடிக்கிற கை தளர்ந்தால் பாதிப் பருப்பு தரையில் கிடக்கும். அதனால் கை பழகிய மூவர் பிரிவதில்லை. கூலியும் மூவருக்கும் சேர்த்துத்தான். பல்கீஸும் அருள்மேரியும் பிடிப்பார்கள், பவுனு கொட்டுவாள். பவுனின் மகள் ஸ்கூலுக்குப் போகும் காலத்திலிருந்து இப்படித்தான். இப்போது அந்த மகளுக்கே குழந்தை இருக்கிறது.

பெஞ்சல் புயலில் ஊர் தண்ணீரில் நின்றபோது கோயில் மண்டபத்தில் அடுப்பு எரிந்தது. சர்ச்சிலிருந்து அரிசி வந்தது, பள்ளிவாசலிலிருந்து அண்டா வந்தது. சோறு கிளறியவர்கள் பவுனு மாதிரிக் கொட்டகைப் பெண்கள். தண்ணீர் வடிந்த பிறகும் கலையாமல், மூன்று மதத்தாரும் சேர்ந்து ஒற்றுமைக் குழு ஒன்று வைத்தார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் சவுரிராயன் செயலாளர். முதல் சில கூட்டங்களில் அன்பே கடவுள் என்று ஆளாளுக்குப் பேசினார்கள், டீ குடித்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நாற்காலி எடுத்துப் போட்டுவந்த பவுனு ஒருநாள் எழுந்து, "எல்லாம் சரிங்க சார். நாள்பூரா குந்திக்கினு வேல செய்றோம், ஒண்ணுக்குப் போவ எடமில்ல. அதுக்கு எந்தச் சாமிய கேக்கறது?" என்றாள். அதற்கப்புறம்தான் குழுவுக்கு உருப்படியான வேலை கிடைத்தது. கொட்டகை கொட்டகையாக, மதத்துக்கு ஒருவராக மூன்று பேர் போய்ப் பேசினார்கள். கக்கூஸ் வந்தது, குடிதண்ணீர் வந்தது. ஆண்களுக்கு ஒன்று பெண்களுக்கு ஒன்று என்றிருந்த கூலியில் பாதி வித்தியாசம் குறைந்தது.

பிறகு போனில் ஒரு வீடியோ வந்தது. எந்த ஊரோ, யாரோ. சாப்பாட்டுப் பொருளில் முஸ்லிம்கள் எச்சில் துப்புவதாக ஒரு குரல் சொல்லிக்கொண்டே போனது. படத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் பார்த்தவர்கள் படத்தைப் பார்க்கவில்லை, குரலைத்தான் கேட்டார்கள். ஆதிநாராயணன் பல்கீஸையும் இன்னும் இரண்டு முஸ்லிம் பெண்களையும் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். விழுப்புரம் எண்ணெய்க்காரர்கள் கேட்கிறார்களாம், உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்றார். எந்த எண்ணெய்க்காரர் என்று பவுனு கேட்டதற்கு, வேலையைப் பார் என்று பதில் வந்தது.

பவுனு நேரே சவுரிராயன் வீட்டுக்குப் போனாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை நல்லிணக்க விழா. சிறப்பு விருந்தினரே ஆதிநாராயணன்தான். பந்தலும் சாப்பாடும் அவர் உபயம், அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது. அதோடு போகவில்லை. ஒரு மதத்து விருந்தாளிக்கு இன்னொரு மதத்தார்தான் பொன்னாடை போட வேண்டும், அதுவும் உழைக்கிற பெண்ணாக இருக்க வேண்டும் என்பது குழு தானே ஆசைப்பட்டு வைத்துக்கொண்ட வழக்கம். ஆதிநாராயணனுக்குப் பொன்னாடை அணிவிப்பவர் என்று பல்கீஸ் பேர் அச்சாகியிருந்தது.

"விழா முடியட்டும் பவுனும்மா. அப்புறம் நானே தனியா பேசறேன். இப்ப கெளறினா மொத்தமும் பேஜாராயிடும்" என்றார் சவுரிராயன்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் பவுனுக்கு இன்னும் எரிந்தது. வேலையை விட்டு நிறுத்தியவன் கழுத்தில், நிறுத்தப்பட்டவளே துணி போட வேண்டும். அதைப் படம் பிடித்துப் பேப்பருக்கு அனுப்புவார்கள். அதற்குப் பேர் ஒற்றுமை.

பல்கீஸோ போடுவதாக ஒத்துக்கொண்டிருந்தாள். புருஷனுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. மேடையில் நாலு பேர் பார்க்கப் போட்டால் முதலாளி மனசு இளகாதா என்பது அவள் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை பந்தல் நிறைந்திருந்தது. ஆதிநாராயணன் வெள்ளைச் சட்டையில், சாமியாருக்கும் பாதிரியாருக்கும் ஹஜ்ரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். மல்லாட்டைத் தோல் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே பருப்பு ஒன்றுதான் என்று பேசிக் கைதட்டு வாங்கினார். பொன்னாடைக்கு அழைத்தபோது பல்கீஸ், பவுனு, அருள்மேரி மூவரும் சேர்ந்தே ஏறினார்கள். தாம்பாளம் பவுனு கையில் இருந்தது. பல்கீஸ் பொன்னாடையை எடுக்கக் கை நீட்டினாள். பவுனு அதன்மேல் கட்டை விரலை அழுத்திக்கொண்டாள்.

"உடுக்கா. எனக்கு வேல வேணும்" என்று பல்கீஸ் முணுமுணுத்தாள்.

"அதத்தான் கேக்கப் போறேன்."

பக்கத்தில் மைக் இருந்தது. பவுனு குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். மைக் அதைப் பந்தலின் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோனது.

"மொதலாளி, இந்தப் பல்கீச வேலைக்கு வர வேணாம்னு சொல்லிட்டீங்க. நாளைக்கு வரலாமா? அவளும், கூட நின்னுபோன ரெண்டு பேரும்? சொல்லுங்க, போட்டுடறோம்."

கைதட்டத் தயாராக இருந்த கைகள் அப்படியே நின்றன. போட்டோக்காரர் கேமராவை இறக்கவில்லை. சவுரிராயன் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். ஆதிநாராயணன் பொன்னாடைக்காகத் தலையைக் குனிந்து வைத்திருந்தார். நிமிரவும் முடியவில்லை.

"நான் எங்கம்மா வேணாம்னேன்? தாராளமா வரட்டும். மூணு பேரும் வரட்டும்" என்றார் சிரித்துக்கொண்டே.

"திருவாமாத்தூர்ல பொறந்தவரு நீங்க. வட்டப்பாறைல கை வெச்ச மாதிரி எடுத்துக்கறேன்" என்றாள் பவுனு. திருவாமாத்தூர்க் கோயில் வட்டப்பாறையில் கை வைத்துப் பொய் சொன்னவன் விளங்கமாட்டான் என்பது அந்தச் சுற்றுவட்டாரத்தின் நம்பிக்கை. ஆதிநாராயணனின் சிரிப்பு சுருங்கியது. "நாளைக்கு அவ வேலைல குந்தட்டும், சாயங்காலம் போடறோம்" என்று சொல்லிவிட்டுப் பவுனு தாம்பாளத்தோடு இறங்கினாள்.

மறுநாள் ஆதிநாராயணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மூன்று முஸ்லிம் பெண்களையும் வாட்ச்மேன் உள்ளே விட்டான். அடுத்து வந்த பவுனுக்கு முன்னால் கேட்டைச் சாத்தினான்.

"உன்னப் பத்தி மேடைல ஒண்ணும் சொல்லலியாம். நீ வேற எடம் பாத்துக்கணுமாம்" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டே.

வட்டப்பாறைக்குப் பயந்தவர், அதை எங்கே சுற்றிப் போகலாம் என்று இரவெல்லாம் யோசித்திருக்கிறார். பவுனு திரும்பிப் போகவில்லை. ராத்திரி பெய்த மழையில் கேட்டுக்கு முன்னால் சேறாக இருந்தது. பையிலிருந்து பொன்னாடையை எடுத்து விரித்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

உள்ளே ஒரு கோணியின் வாயை இரண்டு பேர் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொட்ட ஆள் வரவில்லை. மேஸ்திரி வேறொருத்தியை அனுப்பினார். பல்கீஸ் கோணியைக் கீழே விட்டாள். வேலை வேணும் என்று முந்தின நாள் கெஞ்சியவள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கேட்டைத் தாண்டி வந்து, "தள்ளுக்கா" என்று பவுனு பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்து அருள்மேரி வந்தாள். ஒன்பது மணிக்குள் பொன்னாடையில் இடமில்லாமல் மற்றவர்கள் சேற்றிலேயே உட்கார்ந்தார்கள். லோடு ஏற்ற வந்த லாரி வெளியே நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

சவுரிராயன் ஸ்கூட்டரில் வந்தார். சமாதானமாகப் போகலாமே என்று தொடங்கினார்.

"அந்தப் பொன்னாடையாவது குடும்மா. விழுப்புரத்துல நம்ம குழு கூட்டம் இருக்கு, அதுக்கு வேணும், வேற வாங்கல" என்றார்.

பவுனு எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. பிறகு வெள்ளை வேட்டியோடு சேற்றில் உட்கார்ந்தார். பவுனு அவருக்காகத் தள்ளி உட்காரவில்லை.

உச்சி வெயிலில் கேட்டைத் திறந்தது ஆதிநாராயணனே. எல்லாரும் வந்து தொலையுங்கள், லாரி நிற்கிறது என்றார். பவுனையுமா என்று அருள்மேரி கேட்டாள். அவளையும்தான் என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். அந்த "தொலையுங்கள்" பவுனுக்குள் அப்படியே நின்றது.

எழுந்து பொன்னாடையை ஒரு உதறு உதறினாள். சேறு தெறித்தது, ஜரிகை ஓரம் பிய்ந்து தொங்கியது. நாலாக மடித்துச் சவுரிராயன் கையில் வைத்தாள்.

"இந்தாங்க சார். விழுப்புரத்துல யாருக்குப் போட்டாலும் இதையே போடுங்க. தோய்க்காதீங்க."